பழைய பிராங்குத் தாளின் விலை என்ன? - ஒரு சேகரிப்புப் பாடம்

முன்னுரை

ஒரு நாட்டின் பணத்தாள் புழக்கத்தில் இருக்கும்வரை அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பதோடு சரி. புழக்கத்தை விட்டு விலகிய பிறகுதான் அதிலுள்ள ஓவியம், கையெழுத்து, தேதி, எண்கள் எல்லாம் நம் கண்ணில் படத் தொடங்குகின்றன. நான் பழைய பிரெஞ்சுப் பணத்தாள்களைச் சேகரிக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியை விருப்பப் பாடமாக எடுத்திருந்த காலத்தில், இசைமேதை குளோட் டெபுசியின் உருவம் பொறித்த 20 பிராங்குத் தாள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அகராதியின் துணையோடு அதில் நான் வாசித்த முதல் பிரெஞ்சு வாக்கியம், கள்ளத்தாள் அடிப்போருக்கு ஆயுள்சிறை என்னும் சட்ட எச்சரிக்கை! அன்று தொடங்கிய ஆர்வம் இன்றுவரை தொடர்கிறது.

என் தொகுப்பைப் பார்க்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன விலை போகும்?" என்பதுதான். மிக நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்தப் பழைய பணத்தாளுக்கும் மூன்று மதிப்புகள் உண்டு. தாளில் அச்சிட்டிருப்பது முகமதிப்பு. வங்கி அதை இன்று மாற்றித் தருமா, தந்தால் எவ்வளவு என்பது மாற்று மதிப்பு. அதை விரும்பும் ஒருவர் தரத் தயாராக இருக்கும் தொகை சேகரிப்பு மதிப்பு. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் வாங்கும்போதும் ஏமாறுவார், விற்கும்போதும் ஏமாறுவார். இந்த வேறுபாட்டைப் பிரெஞ்சுப் பணத்தாள்களின் வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுச் சுருக்கம்

மதிப்பிடுவதற்கு முன் வரலாறு தெரிய வேண்டும். பிரான்சில் பணத்தாளை முதன்முதலில் பெரிய அளவில் புழங்க விட்டவர் ஜான் லா என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1716இல் அவர் தொடங்கிய வங்கி 1718இன் இறுதியில் அரச வங்கியாக மாறியது. அளவுக்கு மீறித் தாள் அச்சிடப்பட்டதாலும், அதனோடு பிணைந்திருந்த வணிக நிறுவனப் பங்குகள் சரிந்ததாலும் 1720இல் எல்லாம் குலைந்தது. ஜான் லா நாட்டை விட்டே வெளியேறினார். அதன்பின் பல ஆண்டுகளுக்குப் பிரெஞ்சு மக்கள் காகிதப் பணம் என்றாலே முகம் சுளித்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி 1789இல் வெடித்தது. திருச்சபையின் நிலங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அந்நிலங்களை ஈடாக வைத்து 'அசின்யா' என்னும் பத்திரங்கள் வெளியாயின. முதலில் வட்டி தரும் கடன் பத்திரமாக இருந்த அசின்யா, 1790இல் பணமாகவே ஆக்கப்பட்டது. போரும் பற்றாக்குறையும் மிக மிக, அச்சு இயந்திரமும் ஓயாமல் ஓடியது. 1796இல் அது கைவிடப்பட்டபோது வெளியாகியிருந்த தொகை ஏறத்தாழ 45 பில்லியன் லீவர். அதன் வாங்கும் சக்தியோ நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 1796 பிப்ரவரி 19ஆம் நாள், பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் அச்சுத் தகடுகளும் கருவிகளும் அழிக்கப்பட்டன. இனி அச்சிட மாட்டோம் என்று மக்களை நம்ப வைக்க அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்தக் கசப்புக்குப் பிறகு, 1800 ஜனவரியில் நெப்போலியன் போனபார்ட்டின் ஆட்சியில் 'பாங்க் த பிரான்ஸ்' என்னும் பிரான்சு வங்கி நிறுவப்பட்டது. 1803இல் பாரிசுக்கும் 1848இல் நாடு முழுமைக்கும் பணத்தாள் வெளியிடும் தனியுரிமை அதற்குக் கிடைத்தது. தொடக்கத்தில் 500, 1000 பிராங்கு என்னும் பெருந்தொகைத் தாள்களே இருந்தன; அவை செல்வரும் வணிகரும் கையாண்டவை. 100 பிராங்கு 1848இலும், 50 பிராங்கு 1864இலும், 20 பிராங்கு 1870 - 71 போர்க்காலத்திலும் வந்தன. சாதாரண மக்களின் கைக்குப் பணத்தாள் வந்து சேர ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன என்பதை இதிலிருந்து அறியலாம்.

நிறத்திலும் ஒரு வரலாறு உண்டு. முதல் தாள்கள் கறுப்பு மையில் அச்சாயின. புகைப்படக் கலை வளர்ந்ததும் கறுப்பு மைத் தாளைப் படியெடுப்பது எளிதாகிவிட்டது. ஆகவே 1860களில் நீல மைக்கு மாறினார்கள். 1888 முதல் நீலமும் இளஞ்சிவப்பும் சேர்ந்தன. 1910இல் புழக்கத்துக்கு வந்த, ஓவியர் லூக் ஒலிவியே மெர்சன் வரைந்த 100 பிராங்குத் தாள் நான்கு வண்ணங்களில் மின்னியது. ஒரு தாளின் நிறத்தைப் பார்த்தே அதன் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நான்கு திருப்பங்கள் சேகரிப்பாளருக்கு முக்கியமானவை. முதலாவது, 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கியது. சில்லறை இல்லாமல் சந்தை தவித்தபோது, ஊருக்கு ஊர் வணிகக் கழகங்கள் 50 சென்டிம், 1 பிராங்கு, 2 பிராங்கு எனச் சிறு தாள்களை வெளியிட்டன. இரண்டாவது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1945 ஜூன் 4 முதல் 15 வரை நடந்த பெரும் தாள் மாற்றம். நிதியமைச்சர் ரெனே பிளெவென் காலத்தில், 50 பிராங்கும் அதற்கு மேற்பட்டவையுமான பழைய தாள்களை மக்கள் புதிய தாள்களாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கள்ளச் சந்தையில் சேர்ந்த பணத்தை வெளிக்கொணர்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. மூன்றாவது, 1960 ஜனவரி 1ஆம் நாள் பிறந்த புதிய பிராங்கு. பழைய 100 பிராங்கு புதிய 1 பிராங்காயிற்று. நான்காவது, 2002இல் யூரோ நாணயமும் தாளும் புழக்கத்துக்கு வந்தது. 6.55957 பிராங்கு ஒரு யூரோவுக்குச் சமம் என வரையறுக்கப்பட்டிருந்தது. பிராங்கு 2002 பிப்ரவரி 17ஆம் நாள் சட்டமுறைப் பணமாக இருப்பது நின்றது. கடைசி வகைத் தாள்களை வங்கியில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு 2012 பிப்ரவரி 17ஆம் நாளோடு முடிந்தது.

இந்தக் கடைசித் தேதியை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அன்றிலிருந்து எந்தப் பிராங்குத் தாளுக்கும் மாற்று மதிப்பு கிடையாது. எஞ்சியிருப்பது சேகரிப்பு மதிப்பு மட்டுமே.

தாளைப் படிக்கும் முறை

பிரெஞ்சுத் தாளைக் கையில் எடுத்ததும் ஐந்து செய்திகளைப் பார்க்க வேண்டும்: வகை, தேதி, கையெழுத்துகள், எண்கள், நீர்க்குறி.

வகை என்பது முகமதிப்பும் ஓவியமும் சேர்ந்தது. பிரெஞ்சுச் சேகரிப்பாளர்கள் ஓவியத்தின் பெயராலேயே தாளை அழைப்பார்கள். 'விக்டர் ஹியூகோ 500', 'வோல்தேர் 10', 'தெலக்ருவா 100' என்று சொன்னால் போதும். எழுத்தாளர், ஓவியர், அறிவியலாளர் எனத் தம் அறிவுச் செல்வர்களையே பணத்தில் பொறித்துக்கொண்ட நாடு அது. கடைசி வரிசையில் 50 பிராங்கில் எழுத்தாளர் செந்த் எக்சுபெரி, 100இல் ஓவியர் செசான், 200இல் பொறியாளர் ஈஃபெல், 500இல் கியூரி இணையர் இடம்பெற்றனர்.

தேதி பிரெஞ்சுத் தாள்களின் தனிச்சிறப்பு. நீண்ட காலம் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தாளில் அச்சிடப்பட்டன. 1976 முதல் வந்த புதிய வகைகளில் ஆண்டு மட்டும் இடம்பெறலாயிற்று. ஒரே வகையில் பத்துத் தேதிகள் இருந்தால், அவற்றுள் ஒன்பது மலிவாகவும் ஒன்று அரிதாகவும் இருக்கக்கூடும். அவ்வேளையில் வங்கியின் தலைமைக் காசாளர் போன்ற அதிகாரிகள் மாறியிருந்தால் கையெழுத்துகளும் மாறியிருக்கும். ஆகவே, தேதியைப் பார்க்காமல் சொல்லும் விலை குருட்டு விலை.

எண்களில்தான் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. தாளில் 'ஓர் எழுத்து, அதனோடு ஓர் எண்' என்ற அமைப்பில் தொடர்க் குறியீடு ஒன்று இருக்கும். அந்த எண்ணைப் பிரெஞ்சுக்காரர்கள் 'அகரவரிசை எண்' என்கிறார்கள். ஓர் அகரவரிசையில், 26 எழுத்துகளுள் ஒன்றை விலக்கி, 25 எழுத்துகள் பயன்படும். இரண்டாம் உலகப்போர்க் காலம் வரையிலான பெரும்பாலான வகைகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் 1,000 தாள்கள். ஆக, ஓர் அகரவரிசைக்கு 25,000 தாள்கள். இவை தவிர, அந்த வகையில் இத்தாள் எத்தனையாவது என்பதைக் காட்டும் நீண்ட கட்டுப்பாட்டு எண்ணும் இருக்கும்.

ஒரு தாளின் அகரவரிசை எண் 200 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் 199 அகரவரிசைகள் முடிந்திருக்க வேண்டும். 199ஐ 25,000ஆல் பெருக்கினால் 4,975,000. எனவே அத்தாளின் கட்டுப்பாட்டு எண் 4,975,001க்கும் 5,000,000க்கும் இடையில் இருக்க வேண்டும். வேறெங்கோ இருந்தால் உடனே சந்தேகம் கொள்ளலாம். போருக்குப் பிந்தைய புதிய வகைகளில் எழுத்துக்கு 100,000 தாள்கள் என ஆனதால், 25,000க்குப் பதில் 2,500,000ஆல் கணக்கிட வேண்டும். பூதக்கண்ணாடி கூடத் தேவையில்லாத சோதனை இது. தொடக்கப் பள்ளிப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

நீர்க்குறி என்பது தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும் உருவம். காகிதம் உருவாகும்போதே கூழின் தடிப்பைக் கூட்டிக் குறைத்து அதை அமைப்பதால், ஒளியும் நிழலும் மெல்ல மெல்லக் கலந்திருக்கும். மேலே அச்சிட்டு ஏமாற்றிய குறியில் அந்த மென்மை இராது. ஓரங்கள் கோடு போட்டதுபோல் நிற்கும்.

நிலையே விலை

தாளின் வகையும் தேதியும் தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது அதன் நிலை. மடிப்பே இல்லாத தாளுக்கும் பையில் கிடந்து நைந்த தாளுக்கும் விலை பத்து மடங்கு கூட வேறுபடலாம்.

பிரெஞ்சுத் தர வரிசையின் பெயர்கள் நம்மைக் குழப்பக்கூடியவை. 'த்ரே போ' என்றால் 'மிக அழகு' என்று பொருள். ஆனால் சேகரிப்பு மொழியில் அது நன்கு புழங்கித் தேய்ந்த தாள்! 'த்ரே த்ரே போ', அதாவது 'மிக மிக அழகு', சில மடிப்புகள் கொண்ட நடுத்தரத் தாள். அதற்கு மேல் 'சுபெர்ப்', 'ஸ்ப்ளாந்தீத்', எல்லாவற்றுக்கும் மேலே 'புதியது' எனப் பொருள்படும் 'நெஃப்'. விற்பனைப் பட்டியலில் 'மிக அழகு' என்று மொழிபெயர்த்துப் படித்துவிட்டுப் பணம் அனுப்பினால், நைந்த தாள்தான் வீடு வந்து சேரும். அகராதி அறிந்தால் மட்டும் போதாது, துறையின் வழக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிரெஞ்சுத் தாள்களுக்கே உரிய ஒரு குறை குண்டூசித் துளை. அங்கு வங்கிகளில் தாள்களைக் கட்டாக்கிக் குண்டூசியால் குத்தி வைப்பது நெடுங்கால வழக்கம். எனவே, மடிப்பே இல்லாத பழைய தாளிலும் இரண்டு மூன்று துளைகள் இருப்பது இயல்பு. அவற்றைக் கண்டு தாளைத் தள்ளிவிட வேண்டாம். துளையே இல்லாத பழைய தாள் கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை உண்டு.

கவனிக்க வேண்டிய வேறொன்று திருத்தப்பட்ட தாள். சிலர் பழைய தாளைக் கழுவி, கனமான பொருளின் கீழ் அழுத்தி, மடிப்பை மறைத்து விற்பார்கள். அத்தகைய தாளில் மையின் மேடு பள்ளம் தட்டையாகியிருக்கும், காகிதத்தின் முறுமுறுப்பு போயிருக்கும், நிறம் வெளிறியிருக்கும். தாளை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தி மறைத்த மடிப்பு கோடாகத் தெரியும். ஆகவே, தாளைத் துடைப்பது, கழுவுவது, இஸ்திரி போடுவது ஆகிய மூன்றையும் ஒருபோதும் செய்யக் கூடாது. அழுக்கோடு இருக்கும் நேர்மையான தாள், கழுவி வெளுத்த தாளைவிட உயர்ந்தது.

பழமையும் அருமையும்

'இருநூறு ஆண்டுப் பழைய தாள், எனவே விலை அதிகம்' என்று நினைப்பது இயற்கை. ஆனால் பில்லியன் கணக்கில் அச்சிடப்பட்டதால், பல அசின்யா தாள்கள் இன்றும் ஒரு சராசரிப் புத்தகத்தின் விலைக்குக் கிடைக்கின்றன. நம் பாட்டி, தாத்தாமார் பெட்டிகளில் கிடக்கும் ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை மலிவானவையே. அளவின்றி அச்சிட்ட பணம் தன் காலத்திலும் மதிப்பிழந்தது. சேகரிப்பு உலகிலும் மலிவாகவே நிற்கிறது.

இதற்கு மாறாக, 1960இன் நாணய மாற்றத்தையொட்டி வந்த சில தாள்களைப் பாருங்கள். புதிய பிராங்குத் தாள்கள் போதிய அளவு தயாராகும் முன், பழைய வகைத் தாள்களின் மேலேயே புதிய மதிப்பை மேலச்சிட்டு வெளியிட்டார்கள். விக்டர் ஹியூகோ 500 பிராங்கின் மேல் '5 புதிய பிராங்கு' என்றும், போனபார்ட் 10,000 பிராங்கின் மேல் '100 புதிய பிராங்கு' என்றும் அச்சாயின. இடைக்காலத் தேவைக்காகக் குறைந்த அளவில் வந்தவை என்பதால், மேலச்சு இல்லாத அதே தாளைவிட இவற்றுக்கு மதிப்பு மிகுதி. வயதோ அறுபத்தைந்து ஆண்டுகள்தான்!

பிழைத் தாள்களைப் பற்றியும் ஒரு சொல். செந்த் எக்சுபெரியின் 50 பிராங்குத் தாள் 1992, 1993ஆம் ஆண்டுத் தேதிகளோடு முதலில் வந்தபோது, அவர் பெயரின் முதல் 'எ' எழுத்தின் மேல் தேவையில்லாத ஓர் அழுத்தக்குறி விழுந்துவிட்டது. எழுத்தாளர் ஒருவரைப் போற்ற வந்த தாளில் எழுத்துப் பிழை! பின்னர் திருத்தினார்கள். இதைக் கேட்டதும் பலர் அது பெரும் விலை போகும் என எண்ணுவார்கள். ஆனால் பிழையோடு வந்தவையே ஏராளம் என்பதால் விலை வேறுபாடு பெரிதில்லை. பிழை எத்தனை தாள்களில் விழுந்தது என்பதே கேள்வி.

இவற்றிலிருந்து நாம் பெறும் விதி இது: சேகரிப்பு மதிப்பை வயது தனியாக முடிவு செய்வதில்லை. எத்தனை தாள்கள் எஞ்சின, எந்த நிலையில் எஞ்சின, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

போலியின் விலை

போலிகளைப் பற்றிப் பேசாமல் இப்பாடம் நிறைவு பெறாது. அசின்யா காலத்தில், பிரெஞ்சுப் புரட்சியைக் குலைப்பதற்காக இங்கிலாந்திலேயே போலி அசின்யாக்கள் தயாராயின. இன்று சுற்றுலாக் கடைகளில் விற்கும் நினைவுப் படிகளும் உண்டு. உண்மையான அசின்யா பலவற்றில் மையில்லாமல் அழுத்திப் பதித்த முத்திரை இருக்கும். விரலால் தடவினால் அதன் மேடு தட்டுப்படும். நினைவுப் படிகளில் பொதுவாக அது தட்டையான படமாகவே இருக்கும்.

செஸ்லாவ் பொயார்ஸ்கி என்பவரின் கதை இன்னும் வியப்பானது. போலந்தில் பிறந்த பொறியாளரான இவர், பாரிசுக்கு அருகே தம் வீட்டிலேயே தனியாளாகக் காகிதமும் மையும் தயாரித்து, போனபார்ட் 100 புதிய பிராங்குத் தாள்களை வங்கியே திகைக்கும் தரத்தில் அடித்தார். 1964 ஜனவரியில் பிடிபட்ட அவருக்கு 1966இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அடித்த போலித் தாள்களுள் எஞ்சிய சில ஏலத்துக்கு வந்தபோது, அதே வகை உண்மைத் தாளைவிடப் பன்மடங்கு விலைக்குப் போயின! முகமதிப்பு வேறு, சேகரிப்பு மதிப்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஓர் உறையின் மதிப்பீடு

மேற்கூறிய முறைகள் எப்படிப் பயன்படும் என்பதைக் காட்ட, நான் செய்த ஒரு மதிப்பீட்டை இங்கே தருகிறேன். எங்கள் குடியிருப்பில் வாழும் ஒரு பாட்டியின் கணவர் 1950களின் இறுதியில் கப்பலேறி, சமையலராகப் பணியாற்றி, 1990களின் நடுவில் ஓய்வு பெற்றவர். மார்செய் துறைமுகத்துக்குப் பலமுறை போய் வந்தவர். அவர் மறைந்தபின் அலமாரியில் ஓர் உறை கிடைத்தது. பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த நேரம் அது. இந்தத் தாள்களை விற்றால் பதிவுக் கட்டணம் கட்டிவிடலாம் என்று குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். "தம்பி, நீ பார்த்துச் சொல்லுப்பா" என்று பாட்டி உறையை என் முன் வைத்தார்.

உறையில் எட்டுத் தாள்கள். கியூரி 500 பிராங்கு இரண்டு, தெலக்ருவா 100 பிராங்கு மூன்று, பிழையுள்ள செந்த் எக்சுபெரி 50 பிராங்கு ஒன்று, மேலச்சிட்ட விக்டர் ஹியூகோ ஒன்று, தெருக்கடையில் வாங்கிய அசின்யா ஒன்று.

குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் இரண்டின் மேல் இருந்தது: எண்ணில் பெரிய கியூரி, வயதில் பெரிய அசின்யா. கியூரி தாள் இரண்டுக்கும் முகமதிப்பு 1,000 பிராங்கு. 2012 பிப்ரவரி 17க்குள் வங்கியில் கொடுத்திருந்தால் 152.45 யூரோ கிடைத்திருக்கும். அத்தேதி கடந்துவிட்டதால் மாற்று மதிப்பு இல்லை. இரண்டும் நன்கு மடிந்தவை. இந்த வகை சேகரிப்பாளரிடம் நிறைய இருப்பதால் விலையும் குறைவு. அசின்யாவில் அழுத்து முத்திரை விரலுக்குத் தட்டுப்பட்டது, உண்மையானதுதான். ஆனால் சாதாரண வகை. இந்த இரண்டையும் சொல்லும்போது பாட்டியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கடினமாக இருந்தது. ஆயினும், மதிப்பீடு கேட்டவருக்கு ஆறுதல் விலை சொல்வது உதவியாகாது. பொய்யான நம்பிக்கையோடு கடைக்குப் போனால் அவமானமே மிஞ்சும்.

உறையில் உண்மையான மதிப்புள்ளது, யாரும் பொருட்படுத்தாத விக்டர் ஹியூகோ. நடுவில் ஒரு மடிப்பு, மேற்புறம் இரண்டு குண்டூசித் துளைகள். நீர்க்குறி தெளிவாக இருந்தது, காகிதம் முறுமுறுப்பாக இருந்தது. மடிப்பை எடுக்க இஸ்திரி போடலாமா என்று பாட்டியின் மகள் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு வணிகர் எட்டுத் தாளுக்கும் மொத்தமாக ஒரு சிறு தொகை தருவதாகச் சொல்லியிருந்தார். மொத்த விலை பேசப்படும் இடத்தில் நல்ல தாள் மலிவுத் தாள்களோடு சேர்ந்து போய்விடும். ஆகவே ஹியூகோவைத் தனியே பிரித்து, இரண்டு இடங்களில் எழுத்து வடிவில் விலை கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். அந்த ஒரு தாளுக்கே, மொத்த உறைக்கும் முதலில் பேசிய தொகையைவிடப் பல மடங்கு கிடைத்தது. கட்டணம் முழுவதற்கும் அது போதவில்லை. ஒரு பகுதி நிறைவேறியது.

தெலக்ருவா தாள்களுள் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் 'வெங்காயம், அரிசி, தேயிலை' என்று தமிழில் எழுதியிருந்தது. சேகரிப்பாளர் பார்வையில் எழுத்து விழுந்த தாள் குறையுள்ள தாள். பாட்டி அதை மட்டும் எடுத்து ஒதுக்கி வைத்துக்கொண்டார். நான் விளக்கிய மூன்று மதிப்புகளிலும் அது அடங்காது.

சேகரிக்கத் தொடங்குவோருக்கு

ஆர்வமுள்ள மாணவர்கள் சிறிய எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டு தொடங்கலாம். முதல் உலகப்போர்க் கால வணிகக் கழகத் தாள்கள், கடைசி வரிசையின் நான்கு அறிஞர்கள், அசின்யாவின் சிறு தொகைத் தாள்கள் ஆகியவை மாணவர் கைக்கு எட்டும் விலையில் உள்ளவை. தமிழர் வரலாற்றோடு தொடர்பு தேடுவோருக்குப் புதுச்சேரி இருக்கிறது. 1875இல் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்கென ரூபாய் மதிப்பில் தாள்களை வெளியிட்டது. அவை 1954 வரை புழங்கின. நல்ல நிலையில் கிடைப்பது கடினம், விலையும் அதிகம். எனவே, கற்ற பிறகு அணுக வேண்டிய துறை அது.

தாள் வாங்குமுன் நூல் வாங்குவது நல்லது. பிரான்சு வங்கித் தாள்களைத் தேதி வாரியாகப் பிரித்து எண்ணிட்ட குளோட் ஃபயெட்டின் பட்டியல் நூலும், உலகத் தாள்கள் அனைத்துக்கும் எண்ணிட்ட ஆல்பர்ட் பிக்கின் பட்டியல் நூலும் சேகரிப்பாளரின் அகராதிகள். பட்டியலில் உள்ள விலை வழிகாட்டி மட்டுமே. அண்மைய ஏலங்களில் அதே தாள், அதே நிலையில், உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதே சந்தை விலை. விற்கும்போது வணிகர் தம் இலாபத்தைக் கழித்துத்தான் கொடுப்பார் என்பதையும் நினைவில் கொள்க.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் காகிதத்துக்குப் பகை. ஈரம் பட்ட தாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், பூஞ்சையும் பிடிக்கும். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். எனவே, பணத்தாளுக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தாளைத் தொடுமுன் கையை நன்கு கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். எந்த நாளில், எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதும் அவசியம். நமக்குப் பின் உறையைத் திறப்பவருக்கு அது வழிகாட்டும்.

முடிவுரை

பணத்தாள் என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. ஜான் லா கொடுத்த வாக்கு நான்கு ஆண்டுகளில் பொய்த்தது. அசின்யா கொடுத்த வாக்கு ஆறு ஆண்டுகளில் தீயோடு முடிந்தது. பிராங்கின் கடைசி வாக்குக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாள் தெரியாமல் எத்தனையோ வீடுகளில் தாள்கள் உறங்கிப்போயின. ஆகவே, உங்கள் வீட்டுப் பெட்டியில் வெளிநாட்டுத் தாள் ஏதேனும் இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். முதலில் அதன் மாற்றுக் கெடு முடிந்துவிட்டதா என்று அந்நாட்டு மத்திய வங்கியின் அறிவிப்பில் தேடுங்கள். பிறகு தேதியைப் படியுங்கள், எண்ணைக் கணக்கிடுங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விலையை அதன் பின் பேசலாம். கழுவ மட்டும் வேண்டாம்!